வீட்டுப் பக்கம் போட்ட கொக்கி

தாயி, நீ போன் பண்ணும்போதெல்லாம் "பாக்கலாம்" என்று ஒரு வார்த்தையைச் சொல்லி வைத்துவிடுகிறேன். உங்கப்பா அதுகூடச் சொல்வதில்லை. "அம்மாகிட்டக் கேளு" என்று போனை என் பக்கம் நீட்டிவிட்டு, ஏற்கெனவே துடைத்த தன் ஜீப்பை மறுபடி துடைக்கப் போய்விடுகிறார். பெங்களூர்ப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது, பெரிய டவர் லைனில் கரண்டை நிறுத்தாமலே வேலை பார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள், போகவா வேண்டாமா என்று கேட்கிறாய். நீ கேட்காமலே கிளம்பியிருந்தால் நான் நாலு நாள் திட்டிவிட்டு அடங்கியிருப்பேன். கேட்டுத் தொலைத்தாயே, அதுதான் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. நான் வேண்டாம் என்றால் நீ போகமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். போனில் பேசினால் ஒன்று அழுதுவிடுவேன், இல்லை உன்னைத் திட்டிவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வெற்றிலை அடுக்கிப் பழகின கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி. பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற வேறு அம்மாக்கள் யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

பன்னிரண்டாவதில் நீ நல்ல மார்க் வாங்கியபோது நர்சிங் சேர்க்கப்போகிறோம் என்று வத்தலக்குண்டு வெற்றிலை மார்க்கெட் முழுக்க நான் சொல்லி வைத்திருந்தேன். நீ திண்டுக்கல்லில் ஐடிஐ, எலெக்ட்ரீஷியன் படிப்பு என்றாய். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "பொம்பளப் பிள்ளைக்குக் கரண்டுல என்னடி சோலி?" என்று கத்தினேன். நீ கொஞ்சமும் அசராமல், "மிக்சி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் பொம்பளதான தொடுறா? ரிப்பேர் பாக்க மட்டும் ஆம்பள வரணுமாக்கும்" என்றாய். உங்கப்பா சிரித்துவிட்டார். மலைமேல் அடுக்கத்திலிருந்து உன் மாமா, என் அண்ணன், வேலை மெனக்கெட்டு இறங்கி வந்து, "மார்க்கு எடுத்த பிள்ளையப் போயி ஐடிஐல தள்ளுறியே, கூறு இருக்கா ஒனக்கு?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார். எங்கள் வீட்டில் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நீதான் மறுபேச்சு பேசினாய்.

ஐடிஐ என்றால் படிப்பு வராத பிள்ளைகள் போய் முட்டி நிற்கிற சந்து என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ போன முதல் மாசங்களில் உன் கையெல்லாம் கொப்புளம். இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவி, சதுரமாக்கிக் காட்ட வேண்டுமாம். "கரண்டு படிக்கப் போனவ எதுக்குடி இரும்ப ராவிக்கிட்டுக் கெடக்க?" என்று கேட்டேன். "கை படியணும்மா. கை படியாம கம்பியத் தொட விடமாட்டாங்க" என்றாய். அப்புறம்தான் பலகையில் வயரிங், அப்புறம் மீட்டர், அப்புறம் மோட்டார். ஒரு லீவில் நம் வீட்டுக் கிணற்று மோட்டாரை நடு வாசலில் பிரித்துப்போட்டு, எரிந்துபோன செம்புக்கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பியைச் சுற்று சுற்றாக நீ ஏற்றிக்கொண்டிருந்தாய். நான் பூனை மாதிரி வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் அது சத்தமில்லாமல் ஓடி, தொட்டியில் தண்ணீர் விழுந்தது. என் வயிற்றில் பிறந்ததா இந்தக் கை என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக மலைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. "எண்ணெய்க் கையோட சுவத்தத் தொடாதடி" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அப்ரென்டிஸ், பிறகு வயர்மேன் லைசென்ஸ் பரீட்சை, பிறகு கொடைக்கானலில் அந்தக் காண்ட்ராக்டரிடம் லைன் வேலை. இடையில் ஒரு நாள் சோறு தின்றுகொண்டே எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாய். ஐடிஐ முடித்தவர்கள் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம், அதை முடித்து அனுபவமும் இருந்தால் சூப்பர்வைசர் லைசென்ஸுக்குப் போகலாம், மனசிருந்தால் அதற்கு மேல் இன்ஜினியரிங்கும் உண்டு என்று. நான் முட்டுச்சந்து என்று நினைத்த இடத்தில் நீ இத்தனை வாசல் வைத்திருந்தாய். அந்த டிப்ளமோவை மட்டும் விட்டுவிடாதே. எங்கே போனாலும் சரி, அதில் சேர்ந்து முடி. இந்தக் கடிதத்தில் புத்திமதி என்று நான் சொல்லப்போவது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இல்லை, இன்னும் இருக்கும். வரும்.

சரி, அடுக்கத்துக் காதுகுத்துக்கு வருகிறேன். அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் இன்றுவரை பேசவில்லை. உன் மாமாவின் பேரனுக்குக் காதுகுத்து. ஆடிக் காற்று முந்தின நாள் முழுக்க மலையைப் புரட்டிப்போட்டிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊரில் கரண்டு இல்லை. மேலே எங்கோ சவுக்கு மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது என்றார்கள். மஞ்சள் சுடிதார் போட்டு விசேஷத்துக்கு வரவேண்டிய நீ, தலையில் ஹெல்மெட்டோடு, உங்கள் ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கினாய். "மாமா வீட்டு விசேஷத்துக்கு மொய் வைக்க வந்தேன். கரண்டுதான் மொய்" என்று மதினியிடம் கிண்டல் பண்ணினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை சொந்தக்காரர்களும் கேட்கும்படி, "பூசைக்குள்ள கரண்டு வந்துரணும், வெரசா முடிடி" என்றேன். "வெரசா முடிக்கிற சோலி இல்லம்மா இது" என்று சொல்லிவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குள் ஏறினாய். பத்தடி போவதற்குள் மேகம் உன்னை மூடிவிட்டது.

விசேஷ வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பந்தி ஒருபக்கம் காத்திருக்கிறது, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மோட்டார் ஓடவில்லை, சமையல்காரர் அண்டாவைத் தட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார். மைக் செட்டுக்காரரிடம் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. உன் மாமா உள்ளே போய் ஒரு வயரை எடுத்து வந்தார். இரண்டு முனையிலும் பின் வைத்த வயர். ஒரு முனையை ஜெனரேட்டரில் சொருகி, இன்னொரு முனையை வீட்டுச் சுவரில் இருக்கிற பிளக்கிலேயே சொருகிவிட்டால் மொத்த வீட்டுக்கும் கரண்டு ஓடுமாம். "போன பொங்கலுக்கும் இப்படித்தான் போட்டேன், ஒண்ணும் ஆகல" என்றார். மலையில் பாதி வீட்டில் இந்த வயர் இருக்கிறது. யாரும் தப்பான காரியம் என்று நினைத்துச் செய்வதில்லை, சாமர்த்தியம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். மெயின் சுவிட்சை யாரும் இறக்கவில்லை. அது இறக்க வேண்டிய ஒன்று என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜெனரேட்டர் கர்ரென்று பிடித்தது, கூடத்தில் லைட் எரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கூவிக் கைதட்டினேன்.

லைட் கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான் எரிந்தது. ஜெனரேட்டர் முக்கித் திணறி நின்றுவிட்டது. உன் மாமா மைக் செட்டுக்காரரை, "என்னய்யா ஓட்ட மிஷினக் கொண்டாந்திருக்க" என்று வைதுவிட்டு மறுபடி இழுத்தார். மறுபடியும் திணறி நின்றது. மூன்றாவது தடவை இழுக்கக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மேகத்துக்குள்ளிருந்து நீ இறங்கி வந்தாய். ஓடி வரவில்லை. வேகமாக நடந்து வந்தாய். உடம்பெல்லாம் நனைந்து, முகம் வெளுத்திருந்தது. நேராக மாமாவிடம் போய், "கயித்த விட்ருங்க மாமா" என்றாய். அவர் விட்டார். சுவரில் இருந்த பின்னை உருவி எடுத்தாய், மெயின் சுவிட்சை இறக்கினாய். அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாய்.

"என்னாத்தா, என்னாச்சு?" என்று மாமா கேட்டார். நீ சத்தம் போடவில்லை. அந்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாய். "இந்தப் பின்னுல விட்ட கரண்டு வீட்டோட நிக்காது மாமா. மீட்டர் வழியா வெளிய போகும். மீட்டர்ல இருந்து வாசல் கம்பத்துக்குப் போகும். அந்தக் கம்பத்துல இருந்து கம்பி வழியா மேல போகும். மேல கம்பத்துல நான் இருந்தேன் மாமா."

உன் மாமா அப்படியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கை இரண்டும் எரிந்தது, தட்டின கை. உன்னைக் கட்டிக்கொள்ள வந்தேன். "இரும்மா, சோலி முடியல" என்று ஒதுங்கிவிட்டு, உன் பின்னாலேயே இறங்கி வந்த உங்கள் கூட்டத்துத் தலைவர் மூர்த்தி அண்ணனிடம் பேசப் போய்விட்டாய். அவர்தான் எங்களுக்கு மிச்சத்தைச் சொன்னார். டிரான்ஸ்பார்மரில் கரண்டை நிறுத்தி, பீஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டிருந்தாராம். அவர் கொடுக்காமல் யாரும் போட முடியாது. அப்படி இருந்தும் கம்பியைத் தொடுவதற்கு முன்னால் டெஸ்டர் வைத்துப் பார்த்து, கம்பிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து மண்ணோடு இணைக்கிற கொக்கியைப் போட வேண்டும். தப்பித் தவறிக் கரண்டு வந்தால் அது ஆளிடம் போகாமல் மண்ணுக்குப் போய்விடும். "கம்பி அறுந்து கெடந்துச்சுங்க. டிரான்ஸ்பார்மர் பக்கம் கொக்கி போட்டாச்சு. வீட்டுப் பக்கம் என்னத்துக்கு, அங்கிட்டு இருந்து எங்க கரண்டு வரப்போகுது, மழை வேற வருது, வெரசா முடின்னு நாந்தான் சொன்னேன்" என்றார் மூர்த்தி. "கேக்கலையே இவ. அந்தப் பக்கமும் போட்டுட்டுத்தான் கம்பியத் தொட்டா. கொஞ்ச நேரத்துல அந்தக் கொக்கியிலதான் பொறி பறந்துச்சு." ஜெனரேட்டர் திணறித் திணறி நின்றது அந்தக் கொக்கியால்தான் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

நானும் வெரசா என்றேன், அவரும் வெரசா என்றார். காற்றும் மழையும் சொந்தபந்தமும் வெரசா என்றது. அத்தனை பேர் அவசரத்தையும் தாண்டி, யாரும் பார்க்காத மேகத்துக்குள், தேவையே இல்லை என்று பெரியவர்கள் சொன்ன பக்கத்தில் நீ அந்தக் கொக்கியை மாட்டியிருக்கிறாய். வீட்டில் நான் கேட்டுக் கேட்டுப் பழகின சமத்து, சுறுசுறுப்பு, தைரியம் இதிலெல்லாம் அது சேராது. அதற்கு என்ன பேர் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. அரத்தை வைத்து இரும்பை ராவின மாசங்களில் உனக்குள் அது இறங்கியிருக்க வேண்டும். இதற்குப் போய் நான் முட்டுச்சந்து என்று பேர் வைத்திருந்தேன். அம்மாடி!

அப்புறம் நீ செய்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. மறுபடி ஏறப் போகிறாயே என்று நான் உன் கையைப் பிடித்தபோது, "பாதியில விட்டா ஊரே இருட்டுல கெடக்கும்" என்றாய். மாமாவைக் கூப்பிட்டு மெயின் சுவிட்சுக்கு முன்னால் நிற்கவைத்தாய். "நான் வந்து சொல்ற வரைக்கும் இதுல யாரும் கை வைக்கக் கூடாது மாமா. நீங்கதான் காவல்." ஊருக்கே அதிகாரம் பண்ணுகிற என் அண்ணன், பட்டு வேட்டியோடு, பேரனுக்குக் காது குத்துகிறபோதுகூட அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தாத்தா பக்கத்தில் இல்லாமலே தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினோம். மதினி இலையில் பொங்கல் கொண்டுவந்து நீட்டியதற்கு, "பிள்ளை எறங்கட்டும்" என்றார். அங்கேயே நின்றார். ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து பந்தி நடந்தது. சாயங்காலம் நீ இறங்கி வந்து உன் கையால் சுவிட்சை ஏற்றினாய். கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு அந்த பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண பல்பு. எத்தனை வருஷமாகக் கண்முன்னால் எரிகிறது, நான் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

அன்று உங்கப்பா ஜீப்பில் மலை இறங்கும்போதே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன், இனி இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் உன்னிடம், "பயமா இல்லையாடி?" என்று கேட்டேன். நீ தூக்கக் கலக்கத்தில், "பயந்தாம்மா. பயந்துதான அந்தப் பக்கமும் போட்டேன்" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். உங்கப்பா அந்த இடத்திலிருந்து வத்தலக்குண்டு வரைக்கும் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் பெங்களூர்ச் சேதி வந்தது.

கரண்டு ஓடுகிற கம்பியையே தொடுகிற வேலை என்று நீ சொன்னதும் ஐயோ என்று கத்திவிட்டேன். ஆனாலும் நீ சொன்ன விவரமெல்லாம் காதில் விழாமல் இல்லை. உலோக இழை சேர்த்து நெய்த சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாதபடி ஆளைத் தூக்கி, கம்பியோடு கம்பியாக்கிவிடுவார்கள் என்றாய். "ரெட்டவால் குருவி கம்பியில உக்காந்து தூங்கலயாம்மா? அது மாதிரிதான்" என்றாய். குருவியை நானும் தினமும் பார்க்கிறேன். அது ஏன் சாகவில்லை என்று நான் கேட்டதே இல்லை. அதைக் கேட்டு, அதற்குக் காரணம் கண்டுபிடித்து, அதற்கொரு சட்டையும் தைத்து, மனுசரையும் அங்கே உட்காரவைத்திருக்கிறார்களே, தாயி! அதில் என் பிள்ளையும் ஒருத்தியா? மார்க்கெட்டில் வெற்றிலையை எண்ணிக் கவுளி கட்டிக்கொண்டிருக்கும்போது நினைத்துக்கொள்வேன், எண்ணிக்கை தப்பிப்போகும். பக்கத்துக் கடை அக்கா, "என்னத்தா, பகல் கனவா?" என்று கேட்கிறாள்.

யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் வேண்டாம் என்றால் நீ நின்றுவிடுவாய். கம்பத்து வேலை நிற்காது. கம்பத்தில் வேறு யாராவது ஏறத்தான் போகிறார்கள். வீட்டுப் பக்கம் எதற்குக் கொக்கி என்று நினைக்கிற ஒரு பிள்ளை ஏறும், அதற்கும் ஒரு அம்மா இருப்பாள், அவளும் எங்கோ ஒரு விசேஷ வீட்டில் கைதட்டிக்கொண்டு இருப்பாள். பயப்படத் தெரிந்த பிள்ளையை நான் வீட்டில் வைத்துக்கொண்டு, பயம் தெரியாத பிள்ளையை மேலே அனுப்புவது எந்த ஊர் நியாயம்? நீ அங்கே கற்றுக்கொண்டு வந்தால், நாளைக்கு உன் கையின் கீழ் பத்துப் பேர் வேலை செய்வார்கள். அவர்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் கொக்கி போட்டுவிட்டுத்தான் தொடுவார்கள். போட வைப்பாய் நீ, எனக்குத் தெரியும். உன் வாய் அப்படி.

அங்கே யாராவது வெரசா என்றால் காதில் வாங்காதே, நானே சொன்னாலும் சரி. வேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயைக் குடித்துவிட்டு ஏறாதே. உடம்பு சரியில்லாத நாளில் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல், அதில் கௌரவம் பார்க்காதே. கல்யாணப் பேச்சு வரும். இந்த வேலையை விட்டால் கட்டிக்கொள்கிறேன் என்று எவனாவது சொன்னால், அவனை என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன். சொன்னேன் அல்லவா, புத்திமதி ஒன்றோடு நிற்காது என்று.

நீ போன பிறகு நான் நிம்மதியாக இருப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. காற்றடித்தால் பயப்படுவேன், இடி இடித்தால் பயப்படுவேன், நீ போன் எடுக்காவிட்டால் உங்கப்பாவைப் போட்டு வறுத்தெடுப்பேன். அது என் சோலி. இத்தனை நாள் உன்னையும் அதைப் பார்க்க வைத்துவிட்டேன், இனி வேண்டாம், அதை நானே பார்த்துக்கொள்கிறேன். உன் சோலி மேலே இருக்கிறது. போயி ஏறு, தாயி.

அம்மா